இரண்டாவது குடத்தில் தண்ணீர் இருக்கிறதா?



இலக்கணத்தையும் கட்டுரைப் பயிற்சியையும் பற்றியே எழுதிவரும் நான், இம்முறை கணினி வழங்கிகளையும் தரவுத்தளங்களையும் பற்றி எழுத முன்வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு அத்துறையில் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் அத்துறையின் ஓர் அடிப்படைப் பாடத்தைக் கற்காமல் இருந்ததால் ஒரு குடும்பத்திற்கு என்னால் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஏற்பட்டது. அதன் பிறகு தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பாடம் நடத்திவந்த ஒரு வார இறுதித் தமிழ் வகுப்பில் உயர்நிலை ஒன்று மாணவர்களுக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். வீட்டிலிருக்கும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ பேசி, அவர்களுடைய இளமைக் காலத்தைப் பற்றிக் கேட்டு, கைபேசியில் பதிவு செய்துவர வேண்டும். கேட்டல், பேசுதல் இரண்டுக்கும் அது நல்ல பயிற்சி. ஒரு மாணவி தன் பாட்டியின் குரலை இருபது நிமிடங்களுக்கும் மேல் பதிவு செய்து வந்திருந்தாள். பழைய கண்டாங் கெர்பாவ் சந்தையில் கணவருடன் காய்கறி விற்றது, விடியற்காலையில் கூடைகளை இறக்கியது, 1982இல் சந்தை இப்போதைய தேக்கா நிலையக் கட்டடத்திற்கு இடம் மாறியபோது பழைய வாடிக்கையாளர்கள் தம்மைத் தேடி அலைந்தது என்று அவர் நிறுத்தாமல் பேசியிருந்தார். வகுப்பே அமைதியாக இருந்து அதைக் கேட்டது.

அந்தப் பதிவுகளை அலுவலகத்திலிருந்த ஒரு சேமிப்புக் கருவியில் வைத்தோம். அதில் இரண்டு வட்டுகள். ஒன்றில் எழுதப்படுவது மற்றொன்றிலும் அப்படியே எழுதப்படும். "ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருக்கும், கவலை வேண்டாம்" என்று பெற்றோர்களுக்கு நானே கடிதம் எழுதினேன். ஆண்டு இறுதியில் இடம் போதவில்லை என்று பழைய கோப்புகளைக் களைந்தபோது, அந்தக் கோப்புறையும் சேர்ந்து அழிந்துபோனது. அழித்தவர் யார் என்பது முக்கியமில்லை. களையச் சொன்னவன் நான். எழுதியதை எவ்வளவு நேர்மையாகப் பிரதி எடுத்ததோ, அதே நேர்மையோடு அழிக்கப்பட்டதையும் இரண்டாவது வட்டு அந்த நொடியே பிரதி எடுத்துவிட்டது.

இது எங்களுக்குப் பல மாதங்கள் தெரியவே இல்லை. ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அம்மாணவியின் தந்தை வந்து நின்றார். "சார், அம்மா தவறிப் போய்ட்டாங்க. அவுங்க பேசின அந்தப் பதிவு உங்ககிட்ட இருக்கும்னு மக சொன்னா" என்றார். வீட்டில் கைபேசியை மாற்றியபோது அவர்களிடம் இருந்த மூலப்பதிவு போய்விட்டது. நான் தேடினேன். இரண்டு வட்டுகளிலும் தேடினேன். கிடைக்கவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு இருக்கிறது என்று நான் சொன்னது உண்மை. அந்த இரண்டும் ஒன்றே என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது.

வகுப்பறையில் ஒரு விளக்கம்

கணினித் துறையினர் ஃபெயில்ஓவர் என்று ஒன்றைச் சொல்கிறார்கள். முதன்மையாகப் பணியாற்றும் வழங்கி செயலிழந்தால், காத்திருக்கும் மற்றொரு வழங்கி அதன் பணியை ஏற்றுக்கொள்வது. நான் இதைப் 'பொறுப்பு மாற்றம்' என்று எழுதுகிறேன். இந்த ஏற்பாட்டின் நோக்கம் ஹை அவைலபிலிட்டி, அதாவது இடையறாச் சேவை. நம் பள்ளிகளில் நாம் நாள்தோறும் செய்துவரும் ஒன்றுதான் இது. ஓர் ஆசிரியர் வரவில்லை என்றால் மாற்று ஆசிரியர் அந்த வகுப்பிற்குப் போகிறார் அல்லவா? அதை வைத்தே பார்ப்போம்.

முதல் கேள்வி: ஆசிரியர் வரவில்லை என்பதை யார், எப்போது முடிவு செய்வது? மணி அடித்து ஒரு நிமிடம் ஆனதும் வகுப்புத் தலைவன் அலுவலகத்திற்கு ஓடினால், படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கும் ஆசிரியரைத் தாண்டித்தான் ஓடுவான். அரை மணி நேரம் கழித்து ஓடினால் பாடவேளையே முடிந்துவிடும். வழங்கிகளும் இப்படித்தான் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்கின்றன. அதற்கு இதயத்துடிப்பு என்றே பெயர். எத்தனை துடிப்பு தவறினால் ஆள் இல்லை என்று கொள்வது என்பதை மனிதர்கள் முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும். குறைவாக வைத்தாலும் கேடு, அதிகமாக வைத்தாலும் கேடு.

இரண்டாவது கேள்வி: மாற்று ஆசிரியருக்குப் பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்று தெரியுமா? நேற்றைய குறிப்பேடு அவர் கையில் இருந்தால் நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வார். போன மாதக் குறிப்பேடு இருந்தால் மாணவர்கள் போன மாதப் பாடத்தையே மீண்டும் படிப்பார்கள். தரவுத்தளத்திலும் இதே நிலைதான். முதன்மைத் தளம் ஒவ்வொரு பதிவையும் எழுதியபின், காத்திருப்புத் தளமும் 'எழுதிவிட்டேன்' என்று சொல்லும்வரை நின்று காத்திருந்தால் எதுவும் விடுபடாது. ஆனால் ஒவ்வொரு வேலையும் தாமதமாகும். இரண்டும் தொலைவில் இருந்தால் தாமதம் இன்னும் கூடும். காத்திராமல் ஓடினால் வேகம் கிடைக்கும். விபத்து நேரும்போது கடைசிச் சில பதிவுகள் காணாமற்போகலாம். எத்தனை நேரம் சேவை நிற்கலாம், எவ்வளவு தரவு போகலாம் என்ற இரண்டும் வெவ்வேறு கேள்விகள். பலர் முதல் கேள்வியை மட்டுமே கேட்கிறார்கள்.

மூன்றாவது கேள்விதான் மிகவும் ஆபத்தானது: இரண்டு ஆசிரியர்களும் ஒரே வகுப்பிற்குள் வந்துவிட்டால்? ஒருவர் முன்வரிசைக்கு ஒரு தேர்வு, மற்றவர் பின்வரிசைக்கு வேறொரு தேர்வு வைத்து இருவரும் மதிப்பெண் போட்டுவிட்டால், மாலையில் எந்தப் பட்டியல் சரி என்று யாராலும் சொல்ல முடியாது. இதைப் பிளவுபட்ட மூளை என்கிறார்கள். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள். ஒன்று, புதியவர் உள்ளே போகுமுன் பழையவரைக் கட்டாயமாக வெளியே அனுப்பிவிடுவது. மற்றொன்று, மூன்று பேர் இருந்து அவர்களில் இருவர் ஒப்புக்கொண்டால்தான் பொறுப்பு மாறும் என்று விதி வைப்பது. நம் சங்கக் கூட்டங்களில் குறைவெண் இல்லாமல் தீர்மானம் நிறைவேற்றக்கூடாது என்கிறோமே, அதே விதிதான்.

நான்காவது கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: விடுப்பில் இருந்தவர் திரும்பி வரும்போது பொறுப்பை எப்படி ஒப்படைப்பது? மாற்று ஆசிரியர் நடத்திய பாடமும் போட்ட மதிப்பெண்ணும் விடுபடாமல், இருமுறை ஏறாமல், பழைய ஏட்டில் சேர வேண்டும். போவதைவிடத் திரும்பி வருவது கடினம்.

பெரியவர்களுக்கும் நேர்ந்தது

இதெல்லாம் வசதி குறைந்த நிலையங்களின் பிரச்சினை என்று எண்ணிவிட வேண்டாம். நம் ஊரின் மிகப் பெரிய வங்கியான டிபிஎஸ் வங்கிக்கு 2010ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, திங்கட்கிழமை, அதிகாலை மூன்று மணியளவில் நேர்ந்ததைப் பாருங்கள். சேமிப்பக அமைப்பில் ஒரு சிறு உறுதியின்மை இருப்பதாக எச்சரிக்கை வந்திருந்தது. அமைப்பு அப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஒரு பகுதி பழுதானாலும் மற்றொன்று தாங்கிக்கொள்ளும்படிதான் அது அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் அதைச் சரிசெய்ய வந்த ஐபிஎம் பொறியாளர் பின்பற்றிய செயல்முறை காலாவதியானது. பழுது தாங்கியிருக்கக்கூடிய அமைப்பு, பழுதுபார்ப்பைத் தாங்கவில்லை. காலை பத்து மணி வரையிலும் பணம் எடுக்கும் இயந்திரங்களும் கிளைகளும் முடங்கின. சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கியைக் கண்டித்ததோடு, சுமார் 230 மில்லியன் வெள்ளியைக் கூடுதல் மூலதனமாக ஒதுக்கி வைக்கவும், ஒரே சேவை நிறுவனத்தை அளவுக்கு மீறிச் சார்ந்திருப்பதைக் குறைக்கவும் உத்தரவிட்டது.

அதன் பிறகு விதிகள் கடுமையாயின. நாணய ஆணையம் 2013இல் வெளியிட்டு 2014 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதியின்படி, ஒரு வங்கியின் முக்கியமான அமைப்பு எதுவும் பன்னிரண்டு மாதங்களில் மொத்தம் 4 மணி நேரத்திற்கு மேல் எதிர்பாராமல் நின்றிருக்கக்கூடாது. ஆண்டு முழுவதும் 99.9 விழுக்காடு இயங்குவதென்றாலே கிட்டத்தட்ட எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்று பொருள். அதைவிடக் கடுமையான விதி இது.

இருந்தும் 2023 அக்டோபர் 14 வந்தது. அன்று சனிக்கிழமை. புரட்டாசி மாதத்தின் கடைசிச் சனி. மகாளய அமாவாசையும் அன்றுதான். மறுநாள் நவராத்திரித் தொடக்கம். அப்படிப்பட்ட நாளில் சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலிலிருந்து தேக்கா வரை எத்தகைய கூட்டம் இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூவும் வாழை இலையும் கூடக் கைபேசியைக் காட்டி வாங்கப் பழகிவிட்ட காலம் இது. அன்று பிற்பகல், ஈக்வினிக்ஸ் நிறுவனத்தின் தரவு நிலையம் ஒன்றில் திட்டமிட்டபடி மேம்பாட்டுப் பணி நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்ததாரர் ஒருவர் தவறான கட்டளை அனுப்பியதால், குளிர்நீர்த் தொட்டிகளின் அடைப்பான்கள் மூடிக்கொண்டன. குளிர்விப்பு நின்று அறைகள் சூடேறின. அங்கிருந்த டிபிஎஸ், சிட்டி ஆகிய இரு வங்கிகளின் சேவைகளும் தடைப்பட்டன.

இனிமேல்தான் நமக்கான பாடம் இருக்கிறது. இரண்டு வங்கிகளுக்கும் வேறோர் இடத்தில் மாற்றுத் தரவு நிலையம் இருந்தது. இரண்டுமே உடனடியாகப் பொறுப்பு மாற்றத்தைத் தொடங்கின. ஆனால் டிபிஎஸ் வங்கியின் மாற்று நிலையத்தில் வலையமைப்பின் அமைவு தவறாக இருந்தது. சிட்டி வங்கிக்கு இணைப்புச் சிக்கல் ஏற்பட்டது. இதனால் இரண்டும் முழுமையாக மாற முடியவில்லை. மறுநாள்தான் சேவைகள் முழுமையாகத் திரும்பின. கணக்கிற்குள் நுழைய முயன்று முடியாமற்போன முயற்சிகள் சுமார் 810,000 என்றும், நிறைவேறாமற்போன கட்டண, பண இயந்திரப் பரிவர்த்தனைகள் சுமார் 25 இலட்சம் என்றும் 2023 நவம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

அந்த ஆண்டு மார்ச்சிலும் மேயிலும் கூட டிபிஎஸ் சேவைகள் தடைப்பட்டிருந்தன. ஆகவே நாணய ஆணையம், அவசியமல்லாத கணினி மாற்றங்களை ஆறு மாதங்களுக்கு நிறுத்திவைக்கும்படி வங்கிக்கு உத்தரவிட்டது. வங்கி தன் தலைமை நிர்வாகியின் 2023ஆம் ஆண்டுக்கான மாறுபடு ஊதியத்தை 30 விழுக்காடு குறைத்தது. அந்த வங்கியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பணமும் ஆளும் அறிவும் நிறைந்த ஓரிடத்திலேயே இரண்டாவது ஏற்பாடு தேவைப்பட்ட நாளில் கைகொடுக்கவில்லை என்றால், நம் நிலையங்களின் கதி என்ன என்பதே என் கேள்வி.

வெளிநாட்டு எடுத்துக்காட்டுகள் இரண்டு. மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர், காத்திருப்புத் தரவுத்தளத்தை அழிப்பதாக எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். காப்பு நகல்களைத் தேடினார்கள். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பிய நகல் உண்மையில் எடுக்கப்படவே இல்லை. அது தோற்றுக்கொண்டிருப்பதை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்திற்கு முன்பு தற்செயலாக எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

மற்றொன்று கிட்ஹப். 2018 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பராமரிப்புப் பணியின்போது வலையமைப்பு இணைப்பு வெறும் 43 நொடிகள் அறுந்தது. அதற்குள் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரைத் தரவுத்தளங்களுக்குப் பொறுப்பை மாற்றிவிட்டது. கிழக்கில் எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்கிற்குப் போகவில்லை. மேற்கில் புதிதாக எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. நான் சொன்ன இரண்டு ஆசிரியர் கதைதான். அதைச் சீர்செய்ய 24 மணி 11 நிமிடங்கள் ஆயின. அவசரமாகத் திறந்துவிடாமல், தரவு சரியாக இருப்பதே முதன்மை என்று அவர்கள் பொறுமையாகச் சேர்த்தார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன். வேகமாகத் தவறான மதிப்பெண் கொடுப்பதைவிடத் தாமதமாகச் சரியான மதிப்பெண் கொடுப்பதே ஆசிரியருக்கு அழகு.

நம் பிள்ளைகளின் மேசைக்கு வந்தபோது

இவை வங்கிகளின் கவலை என்று ஒதுங்கியிருக்க முடியாது. 2024 ஆகஸ்டு 4 அன்று மொபைல் கார்டியன் என்ற கருவி மேலாண்மைச் செயலிக்குள் அத்துமீறி நுழைந்த எவரோ, இங்குள்ள 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் கருவிகளைத் தொலைவிலிருந்தே துடைத்தழித்தார்கள். கல்வி அமைச்சு அச்செயலியை மாணவர்களின் கருவிகளிலிருந்து நீக்கியது. கருவிகள் மீண்டும் இயங்கத் தொடங்கின. ஆனால் கருவிக்குள் மட்டுமே குறிப்புகளை வைத்திருந்த பிள்ளைகளுக்கு எதைத் திரும்பக் கொடுப்பது? தேர்வுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் அது எத்தகைய கலக்கத்தைத் தரும் என்பதைப் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2020 ஏப்ரலில் நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில் பள்ளிகள் முழுவதுமாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. அன்று வகுப்பறைக்குக் கணினி மாற்று ஏற்பாடாக இருந்தது. இன்றோ பாடமும் வீட்டுப்பாடமும் மதிப்பெண்ணும் பெற்றோருடனான தொடர்பும் கணினியிலேயே நடக்கின்றன. அப்படியென்றால் கணினிக்கு மாற்று எது? தாளும் கரும்பலகையும் இருக்கவே இருக்கின்றன என்று சொல்வீர்கள். கடைசியாக எப்போது அவற்றை வைத்து ஒரு நாள் முழுவதையும் ஓட்டிப் பார்த்தோம்?

தமிழர்களாகிய நமக்கு இந்தக் கேள்வி புதிதாகவே இருக்கக்கூடாது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்ற முடிந்ததற்குக் காரணம், அவற்றின் ஓலைப்படிகள் ஒரே இடத்தில் இல்லாமல் பல மடங்களிலும் பல வீடுகளிலும் இருந்ததுதான். ஒரு படியில் சிதைந்த சொல் மற்றொரு படியில் பிழைத்திருந்தது. அதற்கு நேர்மாறாக, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அங்கிருந்த சுமார் 97,000 நூல்களோடும் சுவடிகளோடும், வேறெங்கும் படியில்லாதவையும் எரிந்தன. எரித்தவர்களின் குற்றம் குற்றமே. ஆனால் ஒரே படி ஒரே இடத்தில் இருந்தால் ஒரே இரவு போதும் என்ற உண்மையையும் நாம் அங்கேதான் கற்றோம்.

என் கருத்து

எனவே நான் சொல்ல வருவது இதுதான். பழகிப் பார்க்காத மாற்று ஏற்பாட்டை மாற்று ஏற்பாடு என்று அழைப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

தீ விபத்துப் பயிற்சியை எல்லாப் பள்ளிகளும் நடத்துகின்றன. மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாகத் திடலுக்குப் போகிறார்கள். எவரும் அதைப் பாட நேர வீண் என்று சொல்வதில்லை. அதேபோல ஒவ்வொரு பருவத்திலும் ஒரு நாள், முன்கூட்டி அறிவித்துவிட்டு, கற்றல் தளங்களையும் அலுவலக வழங்கியையும் பயன்படுத்தாமல் பள்ளியை நடத்திப் பார்க்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன்னுடைய வழங்கிகளைத் தானே வேலை நேரத்தில் கண்டபடி நிறுத்திவிடும் ஒரு மென்பொருளை எழுதி, அதற்குக் 'குழப்பக் குரங்கு' என்று பொருள்படும் பெயரும் வைத்து, 2012இல் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டது. பொறியாளர்கள் விழித்திருக்கும் வேளையில் விழுந்து பழகினால், தூங்கும் வேளையில் விழும்போது தாங்கும் என்பது அதன் தத்துவம். நமக்குக் குரங்கு தேவையில்லை. நாட்காட்டி போதும். முழுமைத் தற்காப்பில் மின்னிலக்கத் தற்காப்பு 2019இல் ஆறாவது தூணாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே பிப்ரவரி 15ஐ ஒட்டிய ஒரு நாளை முதல் பயிற்சிக்குக் குறித்துக்கொள்ளலாம்.

அந்த நாளில் சோதிக்க வேண்டியவை அதிகமில்லை. ஒன்று, காப்பு நகல் இருக்கிறதா என்று பார்க்காமல், அதிலிருந்து ஏதேனும் ஒரு மாணவரின் கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்ப்பது. இரண்டு, தளம் திறக்கவில்லை என்றால் எத்தனை நிமிடம் காத்திருந்துவிட்டுத் தாளுக்கு மாறுவது, அந்த முடிவை எடுப்பவர் யார், அவரும் இல்லையென்றால் யார் என்பதை எழுதி வைப்பது. மூன்று, மாலையில் தாளில் இருப்பதைக் கணினியில் ஏற்றுவது யார் என்று ஒருவரை மட்டும் குறிப்பது. இருவர் ஏற்றினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்படி ஒரு நாளைப் பள்ளி அறிவித்தால், 'இந்தக் காலத்தில் தாளா?' என்று முகம் சுளிக்காதீர்கள். ஆசிரியர் சந்திப்பில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கும்போதே, 'என் பிள்ளையின் வேலைகளுக்கு இரண்டாவது படி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது அதைத் திறந்து பார்த்தீர்கள்?' என்றும் கேளுங்கள். வீட்டிலும் பிள்ளையின் குறிப்புகளை மாதம் ஒருமுறை வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்கப் பழக்குங்கள்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாமலில்லை. எல்லாம் மேகக் கணிமையில் இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். இயந்திரம் பழுதானால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் அழிக்கச் சொன்னால் அதையும் அவர்கள் செவ்வனே செய்வார்கள். என் இரண்டாவது வட்டு செய்ததும் அதுதானே?

மற்றொரு நண்பரின் வாதம் வலுவானது. படிகள் பெருகப் பெருகப் பாதுகாக்க வேண்டிய கதவுகளும் பெருகும், பிள்ளைகளின் குரலும் விவரங்களும் எத்தனை இடத்தில் கிடப்பது என்று அவர் கேட்டார். அது நியாயமே. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2012 முதல் இருக்கிறது. ஆகவே கண்ட இடத்தில் படி வைக்கச் சொல்லவில்லை. எங்கே இருக்கிறது, யாரிடம் திறவுகோல் இருக்கிறது, எப்போது அழிக்கப்படும் என்று கணக்கு வைத்திருக்கும் படி வேண்டும். கணக்கில்லாத பத்தைவிடக் கணக்குள்ள இரண்டு மேல்.

பயிற்சியே ஆபத்தாகிவிடாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஆகலாம். 2010இலும் 2023இலும் நாம் பார்த்தவை பராமரிப்பு வேளையில் நேர்ந்தவையே. அதனால்தான் பருவத் தொடக்கத்தில், தேர்வு இல்லாத வாரத்தில், பொறுப்பாளர்கள் எல்லோரும் பள்ளியில் இருக்கும் நாளில் செய்யச் சொல்கிறேன். தொட்டால் உடைந்துவிடும் என்று அஞ்சித் தொடாமல் வைத்திருக்கும் பொருள், தேவைப்படும் நாளிலும் தொட்டால் உடையத்தான் செய்யும்.

என் சிறுவயதில், குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்காக அம்மா அடுக்களை மூலையில் இரண்டாவது குடம் ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைக் கவிழ்த்துக் கழுவி மீண்டும் நிரப்புவார். நிறைந்துதானே இருக்கிறது, எதற்கு வேலை என்று நான் கேட்டதுண்டு. குடம் இருப்பதை அவர் நம்பவில்லை. அதிலிருக்கும் தண்ணீரைக் குடிக்க முடியுமா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாணவியைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். அடுத்த ஆண்டு அவளே கேட்டு, தன் தந்தையைப் பேசவைத்துப் பதிவு செய்து கொண்டுவந்தாள். அவருடைய அம்மா சந்தையைப் பற்றித் தம்மிடம் சொன்னவற்றில் நினைவில் நின்றவற்றை அவர் அதில் சொல்லியிருக்கிறார். பாட்டியின் குரல் இல்லை. கதையிலும் பாதி இல்லை. அந்தப் பதிவு இப்போது நிலையத்தில் ஒன்று, அவர்கள் வீட்டில் ஒன்று, தனியே எடுத்து வைத்த வட்டில் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கிறது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நிலையத்திலிருப்பதையும் தனி வட்டிலிருப்பதையும் நான் திறந்து, சில நிமிடங்களாவது கேட்கிறேன். வீட்டிலிருப்பதை அம்மாணவி திறந்து கேட்டுவிட்டு எனக்குச் செய்தி அனுப்புகிறாள். இந்தப் பருவமும் மூன்றும் திறந்தன.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்